செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாத ஏலம்

எங்கம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். விடியுமுன்னே துறைமுகத்தில் ஏலம் ஆரம்பித்துவிடும். கூடையைச் சுற்றி ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, ஏலக்காரர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அம்மா குனிந்து, மேலே கிடக்கிற மீனை விட்டுவிட்டு அடியில் கிடக்கிற ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் விலை கேட்பார். வெளுத்திருந்தால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார், ஏலக்காரர் என்ன திட்டினாலும் காதில் வாங்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை நான், 2021 செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, செங்குன்றத்தில் ஒரு சைட்டில் மண்மேட்டின் மேல் உட்கார்ந்து, போனில் பதினாலு போட்டோவைப் பார்த்து, நெல்லூர் யார்டில் நின்ற 2013 மாடல் ஜேசிபி ஒன்றை 11 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஏலம் எடுத்தேன். போய்ப் பார்க்கவில்லை. பார்க்க இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கொரோனா, வேலை, டிரைவர் லீவு என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன்.

மண் வேலைக்கு வண்டி வாடகைக்கு விடுவதுதான் என் தொழில். மாதவரம், மணலி புதுநகர், பாடியநல்லூர் பக்கம் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவது, பிளாட் சமன் செய்வது, மழைநீர் வடிகாலுக்குக் கான்ட்ராக்டர் கூப்பிட்டால் போவது, இவ்வளவுதான். ஏலத்துக்கு ஏன் போனேன் என்றால், அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து டயர் வைத்த வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது, சிஇவி ஸ்டேஜ் 4 என்பார்கள். புது வண்டி விலை எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எலக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத, நம்ம மெக்கானிக்கே ஸ்பேனரை வைத்துச் சரி பண்ணக்கூடிய பழைய வண்டிக்கு திடீரென்று கிராக்கி. ஜிஎன்டி ரோட்டில் புரோக்கர்கள் சொன்ன விலையைக் கேட்டுத்தான் போனில் தேட ஆரம்பித்தேன்.

தேடுவதிலேயே ஒரு கூத்து. நம்ம ஊரில் டயர் வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஜேசிபி. செயின் வண்டி எதுவானாலும் ஹிட்டாச்சி. "கொமாட்சு ஹிட்டாச்சி இருக்குதா" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பேப்பர்காரர்களுக்கோ எல்லாமே பொக்லைன், அது ஒரு பிரான்ஸ் கம்பெனியின் பெயர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏல சைட்டில் இந்த விளையாட்டெல்லாம் செல்லாது. டயர் வண்டிக்கு பேக்ஹோ லோடர், செயின் வண்டிக்கு எக்ஸ்கவேட்டர் என்று ஒழுங்காகத் தேட வேண்டும்.

ஏலத்துக்கு வரும் வண்டிகளில் மூன்று வகையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிவந்த சீசிங் வண்டி. பெரிய பிராஜெக்ட் முடிந்ததும் கான்ட்ராக்டர் கழித்துவிடுகிற வண்டி. அப்புறம் அரசு நிறுவனங்கள், துறைமுகங்கள் கழிக்கிற சாமான்கள், இவை பெரும்பாலும் எம்எஸ்டிசி வழியாக வரும். எம்எஸ்டிசி மத்திய அரசு நிறுவனம், 1964ல் இரும்புக் கழிவு ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தது, இன்றைக்கு ஏலம் நடத்துவதுதான் பிரதான வேலை. அதில் வரும் பழைய ஃபோர்க்லிஃப்ட், டோசரையெல்லாம் ஓட்டுவதற்காக எடுக்கிறவர்கள் குறைவு, எடை போட்டு உடைக்கத்தான் எடுப்பார்கள். நாமே கிரேன், கேஸ் கட்டர், ஆள் எல்லாம் கொண்டுபோய்க் கெடுவுக்குள் எடுத்தாக வேண்டும், தாண்டினால் இடவாடகை ஏறிக்கொண்டே போகும். அது வேறு உலகம், நான் அதில் இறங்கவில்லை.

முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இஎம்டி கட்ட வேண்டும், அதாவது முன்பணம். ஏலம் எடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அது போச்சு. வண்டி "உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில் இருக்கிறபடி" விற்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் படிக்காமல் டிக் அடிக்கிற அந்த வரிக்கு, நாளைக்கு இன்ஜினே இல்லை என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று அர்த்தம். முடியும் நேரம் அஞ்சு மணி என்று போட்டிருந்தாலும் அஞ்சுக்கு முடியாது. கடைசி சில நிமிஷத்தில் யாராவது ஏற்றிக் கேட்டால் நேரம் தானாக நீளும். மீன் ஏலத்தில் எதிராளியின் முகம் தெரியும், இவன் ஹோட்டலுக்கு எடுக்கிறான், என்ன விலை ஆனாலும் விடமாட்டான் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். இங்கே எதிரில் ஒரு எண்தான் இருக்கிறது. பத்து லட்சத்தோடு நிறுத்துவதாகத்தான் மச்சானிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பத்தாயிரம், இருபதாயிரம்தானே என்று விரல் போனது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவன் மேல் எனக்கு அப்படி ஒரு வன்மம், அவன் யார் என்றே தெரியாது.

ஜெயித்த மறுநாள்தான் "அப்ரூவலுக்கு உட்பட்டது" என்ற வரியைப் படித்தேன். நாம் அதிகம் கேட்டாலும், விற்கிறவர் சரி என்று சொன்னால்தான் வண்டி நமக்கு. ஆறு நாள் கழித்துச் சரி என்றார்கள். அந்த ஆறு நாளும் என் பணம் அங்கே.

வண்டி எனக்குக் கடைசியில் என்ன விலைக்கு நின்றது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஏலத் தொகை 11,20,000. கமிஷன் 2 சதவீதம், அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, இரண்டும் சேர்ந்து 26,432. யார்டில் நின்றதற்கு பார்க்கிங் என்று 18,500. இன்சூரன்ஸ் செத்துக் கிடந்த வண்டியை ரோட்டில் ஓட்டிவர முடியாதே, டிரெய்லருக்கு 27,000. பின் டயர் இரண்டும் 72,000. மூட்டு ஆணியான பின், அதன் உறையான புஷ், தேய்ந்த ஓட்டையைச் சரி பண்ணுகிற லைன் போரிங், சிலிண்டர் சீல் கிட் எல்லாம் சேர்த்து 1,15,000. ஆந்திரா என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு டாக்ஸ், இன்சூரன்ஸ், ஏஜென்ட் கூலி 68,000. மொத்தம் 14,46,932. அதே சமயத்தில் பாடியநல்லூரில் டிஎன் 18 நம்பரில், அதே வருஷ மாடல், வேலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை 14 லட்சத்துக்கு ஒருவர் தருவதாக இருந்தார். ஜாஸ்தி சொல்கிறார் என்று நான்தான் விட்டுவிட்டு வந்தேன்.

டிரெய்லர் மூலக்கடை தாண்டி என் மெக்கானிக் பாயின் ஷெட்டுக்கு வந்தபோது பாய் எழுந்துகூட வரவில்லை. டீ கிளாஸோடு உட்கார்ந்தபடியே பார்த்தார். "இன்னா நைனா, போட்டோவ பாத்து பொண்ணு கட்டினு வந்தா மாதிரி கீதே" என்றார். அப்புறம் எழுந்து வந்து அவர் செய்ததைத்தான் நான் நெல்லூரில் செய்திருக்க வேண்டும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்தார். வண்டியைக் காட்ட வருகிறவர்கள் நாம் வருமுன்னேயே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பார்களாம். சூடான இன்ஜின் எல்லாம் நல்ல இன்ஜின்தான், சில்லென்று இருக்கும்போது முதல் அடியில் எடுக்கிறதா, என்ன நிறத்தில் புகை தள்ளுகிறது என்பதில்தான் விஷயம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அதே வாயின் மேல் கவிழ்த்து வைத்தார். மூடி அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். என் வண்டியில் அது கொதிக்கிற சோற்றுப்பானை மூடி மாதிரி தட்தட்டென்று ஆடியது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது, இன்னும் ஒரு வருஷம் ஓடும், அப்புறம் பிரிக்கணும் என்றார்.

பிறகு முன் பக்கெட்டைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு, பக்கெட்டின் உதட்டுக்கு நேராக ஒரு கம்பியை நட்டு, அதில் சாக்பீஸால் ஒரு கோடு. டீ குடித்து முடிக்கிற நேரத்தில் பக்கெட் நாலு விரல் இறங்கியிருந்தது. சீல் போயிருக்கலாம், வால்வு போயிருக்கலாம். பின் பக்கெட்டைத் தரையில் வைத்து, மூட்டு ஆணி உட்காருகிற இடத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். டக் டக் என்று சத்தம். அந்தச் சத்தத்தின் விலைதான் மேலே சொன்ன 1,15,000. பின் பக்கெட்டைத் தூக்குகிற கையான பூமில் புது பெயின்ட் அடித்திருந்த இடத்தை நகத்தால் சுரண்ட, அடியில் வெல்டிங் வரி தெரிந்தது. பதினாலு போட்டோவில் ஒன்றுகூட அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் போட்டோவில் என்ன இருக்கிறது என்பதை விட எதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

நம்ம பக்கத்து வண்டிகளில் பாய் இன்னொன்றும் பார்ப்பார். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் கடலோரத்தில் வேலை பார்த்த வண்டி, கொடுங்கையூர் குப்பையில் நின்ற வண்டி என்றால் கேபின் தரை விரிப்பைத் தூக்கித் துரு பார்ப்பார், ஹைட்ராலிக் பைப்பைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சீட் ஸ்பாஞ்சை அமுக்கி மோந்து பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார். தண்ணீரில் நின்ற வண்டியின் சீட்டு எவ்வளவு காய்ந்தாலும் சாக்கடை வாடை போகாது.

கடைசியில் கேபினில் ஏறினார். மீட்டர் 6,380 மணி காட்டியது. எனக்கு அதுதான் பெருமை, எட்டு வருஷ வண்டிக்கு அது குறைச்சல்தானே. "மீட்டர உடு, காலாண்ட பாரு" என்றார். பிரேக் பெடலில் ரப்பரே இல்லை, வெறும் இரும்பு, அதுவும் ஷூ பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆறாயிரம் மணி நேரத்தில் அப்படித் தேயாது என்றார். நான் கொஞ்ச நேரம் வாதாடினேன்.

சீட்டை மாற்றுவதற்காகக் கழற்றியபோது அடியில் பாலிதீன் பைக்குள் ஒரு நோட்டு கிடைத்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நீள நோட்டு. முழுக்கத் தெலுங்கு. எங்கள் தெருவில் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். தேதி, இடம், எத்தனை மணி, எத்தனை லிட்டர் டீசல், தினம் ஒரு வரி. மாதக் கடைசியில் கூட்டி மீட்டர் எண்ணையும் எழுதியிருந்தான் அந்த டிரைவர். முதல் பக்கம் 2017 ஜூன், மீட்டர் 9,140. கடைசியாக எழுதிய மீட்டர் 14,710. அதாவது என் வண்டியின் மீட்டர் யார் கையிலோ எங்கேயோ மாறியிருக்கிறது. பெரியவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார், இடையில் சில பக்கத்து ஓரங்களில் தவணைத் தேதியும் பக்கத்தில் ஒரு டிக்கும் இருந்தன. கடைசி வரி 21-3-2020, ஆறு மணி நேரம், டீசல் 30 லிட்டர். மறுநாள்தான் மக்கள் ஊரடங்கு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வண்டியை ஏலத்தில் மலிவாக எடுக்கிறோம் என்று சந்தோஷப்படும்போது அந்த டிக்குகள் அவ்வப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைகின்றன.

பேப்பர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. சீசிங் வண்டிக்கு முந்தைய ஓனர் வந்து கையெழுத்துப் போடமாட்டார். அதனால் ஃபைனான்ஸ்காரர் படிவம் 36 கொடுத்து முதலில் தன் பெயரில் ஆர்சி எடுக்க வேண்டும், அப்புறம் நம் பெயருக்கு மாற்ற வேண்டும், வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி வேறு. எனக்கு நாலு மாதம் ஆனது. நாலு மாதமும் வண்டி மாதவரத்தில் மழையில் நின்றது, நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஏலத்துக்கு முன்னாலேயே நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டு ஃபிட்னஸ், டாக்ஸ், கடன் பதிவு எல்லாம் பார்த்துவிடுகிறேன். சேஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி டீலரிடம் சர்வீஸ் விவரம் கேட்டால், கடைசியாகச் சர்வீஸுக்கு வந்தபோது எத்தனை மணி ஓடியிருந்தது என்று பல சமயம் சொல்லிவிடுவார்கள். செயின் வண்டிக்குப் பெரும்பாலும் நம்பர் பிளேட்டே இருக்காது, பில்லும் சேஸில் அடித்த எண்ணும்தான் ஆதாரம். அந்த எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் தழும்பு இருந்தால் நடையைக் கட்டிவிட வேண்டியதுதான். அப்புறம், மிலிட்டரி ஆபீசர் டிரான்ஸ்ஃபர் ஆகிறார், ஜேசிபி மூணு லட்சம் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதற்கெல்லாம் இஎம்டி அனுப்பிவிட்டு என்னிடம் போன் பண்ணாதீர்கள்.

அப்ரூவல் தொல்லையே இல்லாத ஏலமும் உண்டு. கனடாவில் கெலோனா என்ற ஊரில் ரிச்சி என்று மூன்று சகோதரர்கள் ஃபர்னிச்சர் கடை வைத்திருந்தார்கள். 1958ல் வங்கிக்கு அவசரமாக 2,000 டாலர் கட்ட வேண்டி, கடைச் சரக்கை ஏலம் விட்டார்கள். அதுதான் இன்று உலகத்திலேயே பெரிய பழைய இயந்திர ஏல கம்பெனிகளில் ஒன்றாக நிற்கிற ரிச்சி பிரதர்ஸ். 1999ல் ஆன்லைனில் ஆரம்பித்த அயர்ன்பிளானட்டையும் 2017ல் வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய ஏலத்தில் பேர்போன விதி ஒன்று உண்டு. குறைந்தபட்ச விலை கிடையாது, வண்டிக்காரர் தன் வண்டியைத் தானே ஏற்றிக் கேட்கவும் கூடாது, கடைசி விலை எதுவோ அதற்குக் கொடுத்தாக வேண்டும். இதைப் படித்தபோது காசிமேடுதான் ஞாபகம் வந்தது, அங்கேயும் விடிந்தால் கெட்டுப்போகிற சரக்கு, அப்ரூவலுக்கு ஆறு நாள் காத்திருக்க முடியாது. நம்ம ஆன்லைன் ஏலங்களில் அப்ரூவல் ஒழிந்தால் பாதித் தலைவலி போய்விடும் என்பது என் கட்சி.

ஆனால் ஆன்லைனைத் திட்டிக்கொண்டே இருந்தால் நான் பொய் சொல்கிறவன் ஆகிவிடுவேன். யார்டில் நேரில் நடக்கிற ஏலத்தில் நான் நின்றிருக்கிறேன். நாலு டீலர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்கவிட்டு, வெளியே டீக்கடையில் தங்களுக்குள் இன்னொரு ஏலம் நடத்திக்கொள்வார்கள். புதுசாக ஒருவன் கை தூக்கினால் பார்க்கிற பார்வையிலேயே கை இறங்கிவிடும். போனில் அந்தப் பார்வை இல்லை. சிண்டிகேட் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், மாதவரத்தில் ஒரு வண்டி வைத்திருக்கிற என் மாதிரி ஆளும் கேட்க முடிகிறது, அவ்வளவுதான்.

2024 கடைசியில் அந்த வண்டியை நானே ஆன்லைனில் விற்றேன். ஜனவரியில் ஸ்டேஜ் 5 வரப்போகிறது, பழைய வண்டிக்கு மறுபடி விலை வரும் என்று மச்சான் சொன்னான். பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள், நான் தண்ணீர் மட்டும் அடித்துக் கழுவினேன். காலையில் சில்லென்று ஸ்டார்ட் பண்ணுவதை ஒரே வீடியோவாக எடுத்துப் போட்டேன், பூம் வெல்டிங்கைக் கிட்டப்போய் எடுத்தேன், மூடி ஆடாததையும் எடுத்தேன், ஏனென்றால் பாய் சொன்ன மாதிரியே அடுத்த வருஷம் இன்ஜினைப் பிரித்துச் செய்திருந்தேன். மீட்டர் போட்டோவுக்குப் பக்கத்திலேயே நோட்டின் பக்கங்களையும் போட்டேன். தெலுங்கு முடிந்த இடத்துக்குக் கீழே தமிழில் நான் எழுதி வந்த மணிக் கணக்கும் அதில் இருந்தது. உண்மையான மணி 19,000 பக்கம் என்று தலைப்பிலேயே எழுதியதைப் பார்த்து, உனக்குப் பைத்தியமா என்றான் மச்சான்.

முதலில் ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் போனை அணைத்துவிட்டார். மறுபடி ஏலம் விட வேண்டியதாயிற்று, விலையும் கொஞ்சம் இறங்கியது, 8 லட்சத்து 90 ஆயிரம். எடுத்தவர் திண்டிவனத்துக்காரர். ஏலத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறி வந்து, ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், கடப்பாரைகூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் நின்ற எங்கம்மா, "பாத்து எடுக்கிறாரு பாரு, பெரிய ஆளுதான்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார்.

டிரெய்லரில் வண்டியை ஏற்றிச் சங்கிலி போட்டு முடித்த பிறகு சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு, "அந்த நோட்டு எங்கங்க?" என்றார்.